ராகவன் பீர் காய்ச்சுகிறான்

15 பிப்ரவரி 1997, சனி. ஃப்ரீமான்ட்.

சாயங்காலம் ராகவன் போன் செய்தான். அவனும் வீட்டில் பீர் காய்ச்சப் போகிறானாம், என்னிடம் யோசனை கேட்கிறான். என் முதல் பீரை ஒரு வாய் குடித்துவிட்டு, இருபது பேர் முன்னால், "என்ன சார், பீர்னு சொல்லி ரசத்த ஊத்திட்டீங்க?" என்று சிரித்தவன். நான்கு வருடமாகியும் அது எனக்கு ஆறவில்லை.

பொறுமையாகவே சொல்லிக் கொடுத்தேன். பாட்டில்களை ப்ளீச் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். கொதித்தது நன்றாக ஆறிய பிறகுதான் ஈஸ்ட் போட வேண்டும். நுரை அடங்க இரண்டு வாரம் விட வேண்டும், அவசரப்பட்டு மூடினால் பாட்டில் வெடிக்கும்.

"பாட்லக் விருந்துக்கு ரசம் வைக்கிற அலுமினிய அண்டா இருக்கு சார். அதுல பண்ணலாமா?"

"தாராளமா பண்ணுங்க."

என் முதல் பீரைக் கெடுத்ததும் அப்படி ஓர் அண்டாதான். எவ்வளவு தேய்த்தாலும் பெருங்காய வாசனை போகாது.

பக்கத்தில் நின்ற என் மனைவி கமலா, "பாவங்க, சொல்லிடுங்களேன்," என்றாள்.

நாளைக் காலை முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன். அவன் இன்று ராத்திரியே அடுப்பில் ஏற்றுகிறானாம்.