மதகு திறக்கும் முன் இரண்டு சனிக்கிழமை

மாசிக் கடைசி வாரத்தில் குளத்து மதகைத் திறக்கிறார்கள். தூர் வாருவதற்காகத் தண்ணீர் முழுவதையும் வடிக்கப் போகிறார்கள். ஊராட்சி அலுவலகச் சுவரில் செவ்வாய்க்கிழமை ஒட்டிய அறிவிப்பில் இருக்கிறது. அறிவிப்பை மட்டும் நம்பாமல் பொறியாளரிடமும் தொலைபேசியில் கேட்டேன். "ஆமா சார், சொட்டு மிச்சமில்லாம எடுத்துருவோம்" என்றார். அடியில் கிடப்பதெல்லாம் வெளியே தெரியப் போகிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் தகர டப்பாவைத் திறந்தேன். சோம்பு வாசனை இன்னும் போகவில்லை. தூண்டிலில் மாட்டும் ரப்பர் புழுக்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. மர மீன்களில் மூன்றுக்குக் கண் இல்லை. மீனுக்குச் சோம்பு பிடிக்கும் என்று எந்த ஊரில் எவன் கண்டுபிடித்தானோ தெரியாது. நம் குளத்து மீனுக்குப் பிடிக்காது என்பதற்கு நான் சாட்சி.

மிஷன் பள்ளியில் விளையாட்டுச் சாமான் அறை உன் பொறுப்பில் இருந்தது. பந்துக்குக் காற்றடித்து, மட்டைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த உன்னிடம், தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார வாத்தியார் இந்த டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு சேதியையும் விட்டுப் போனார். பண்ணைக்காட்டுக்குக் கீழே, காப்பித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் அந்தக் குளத்தில் பாஸ் மீன் குஞ்சுகள் ஏழு விட்டிருக்கிறாராம். அவர் நாட்டு மீனாம். தூண்டிலில் சிக்கினால் தண்ணீருக்கு வெளியே துள்ளி மல்லுக்கட்டுமாம்.

அன்றே உன்னைக் குறுக்கு விசாரணை செய்தேன். ஞாபகம் இருக்கிறதா?

"குஞ்சை எங்கேர்ந்து கொண்டு வந்தாராம்?"

"டப்பால."

"எந்த ஊர்லேர்ந்து?"

"அதக் கேக்கல."

"எந்த வருஷம் விட்டாரு?"

"ஏலே, நான் என்ன கோர்ட்லயா நிக்கேன்? மனுசன் விட்டேன்னு சொன்னாரு. விட்டுருக்காரு."

ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன். வாய்ப்பு மிகக் குறைவு என்றார். இல்லை என்று எழுதித் தருவீர்களா என்றதற்கு, அதையும் மாட்டேன் என்றார். அந்த இரண்டாவது பாதியை மட்டும் நீ பிடித்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகு எத்தனை சனிக்கிழமை! வெள்ளனே முதல் பஸ்ஸில் இறங்கி, மிளகுக் கொடிக்கு அடியில் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு இரண்டு மைல் நடப்போம். பாதையில் காட்டுமாடு நின்றால் அது போகும்வரை நாமும் நிற்போம். இத்தனையும் தாண்டிப் போய் நல்ல இடத்திலா உட்கார்ந்தாய்? மதகுப் பக்கம் சமதரை இருந்தது. தோட்டத்தில் வேலை பார்க்கும் முருகேசு அங்கே குந்தி, கேழ்வரகு மாவை உருட்டிப் போட்டு, பத்து மணிக்குள் பை நிறையக் கெண்டை எடுப்பார். நீயோ எதிர்க்கரைப் பாறைக்குத்தான் போவாய். சரிந்த பாறை. கால் வைத்தால் வழுக்கும். முன்னால் தண்ணீரில் மூழ்கிய பட்டமரம். வீசினால் முள் அந்தக் கிளையில்தான் மாட்டும். இழுத்தால் தூண்டில் நரம்பு அறும். டப்பாவில் இருந்த மர மீன்களில் பாதி இன்றும் அந்த மரத்தில்தான் தொங்குகிறது.

"பாஸு மரத்தடியிலதான் கெடக்கும், ரிப்போர்ட்டரே. வாத்தியார் சொல்லிருக்காரு."

"கெண்டை அந்தப் பக்கம் கெடக்கு. முருகேசு காமிச்சிருக்காரு."

"கெண்டைக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

எனக்குக் கெண்டையே போதும் என்று எத்தனை முறை சொன்னேன்! திரும்பும்போது முருகேசு தன் பையை வேண்டுமென்றே நம் பக்கம் தூக்கிக் காட்டுவார். "என்ன சார், இன்னைக்கும் தண்ணியப் பாத்துட்டுக் கெளம்பியாச்சா?" என்பார். நீ சிரித்துக்கொண்டே கும்பிடுவாய். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பாறையிலிருந்து நீ கரையேற்றியது என் கணக்கில் நான்கு. வயிற்றில் முள் குத்தி வந்த இரண்டு கெண்டை, ஒரு விரால், ஒரு ரப்பர் செருப்பு. செருப்பை ஏன் சேர்க்கிறாய் என்று சண்டைக்கு வந்தாய். இழுத்தபோது பாஸ் என்றுதானே கத்தினாய்?

இப்போது அந்த ஐப்பசிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அதைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவும் எழுதினேன் போலிருக்கிறது.

மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீர் டீ நிறத்தில் கிடந்தது. உன் கோல் சட்டென்று வளைந்தது. மரத்தில் மாட்டிவிட்டது என்று நினைத்து நான் கத்தியை எடுத்தேன். நரம்பு தானாக இடது பக்கம் ஓடியது. மரத்துக்குப் பக்கத்தில் ஒன்று மேலே வந்து, தலையை உதறி, புரண்டு, முள்ளைத் துப்பிவிட்டுக் கீழே போனது. நீ கோலைக் கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினாய்.

"பாத்தேல்ல? நீ பாத்தேல்ல?"

"என்னவோ ஒண்ணு பாத்தேன்."

"என்னவோன்னா? பாஸுடா!"

"என்னன்னு என்னால சொல்ல முடியாது."

நீ ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. மலைச் செய்திகள் வரும் பத்தியில் ஒரே ஒரு வரி. "பாத்ததாச் சொல்றாங்கன்னாவது போடேன்" என்றாய். ஒரே ஆள், அதுவும் சம்பந்தப்பட்ட ஆள் சொல்வதை வைத்துச் செய்தி போடும் வழக்கம் எனக்கு இல்லை என்றேன். "அப்ப நீ எதுக்குடா கூட வந்த? ரெண்டாவது ஆளு நீதான?" என்றாய். பஸ்ஸில் நீ முன்சீட்டில் போய் உட்கார்ந்தாய். அடுத்த இரண்டு சனிக்கிழமை நீ என் வாசலில் வந்து நிற்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை ஒன்றுமே நடக்காதது போல வந்து, "வெரசாக் கெளம்பு, பஸ்ஸு போயிரும்" என்றாய். அதன் பிறகு சாகும்வரை அந்த மீனைப் பற்றி என்னிடம் நீ பேசவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். திட்டியிருக்கலாம்.

உன் அடக்கம் முடிந்த மறுவாரம் உன் வீட்டில் மதினி இந்த டப்பாவை என் கையில் கொடுத்தாள். "கொண்டு போங்க. இது கண்ணுல படுறப்பெல்லாம் எரிச்சலா வருது" என்றாள். கொண்டு வந்தேன். அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினேன். ஏன் என்று கேட்காதே. அப்போதிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அதே பாறை, அதே மரம். இரண்டு முறை வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியது. பிடித்தது ஒரு கெண்டை. முருகேசு இப்போது கிண்டல் கூடச் செய்வதில்லை. "மாவு தரட்டுமா சார்?" என்று பரிதாபமாகக் கேட்கிறார். அது கிண்டலைவிட மோசம்.

புதன்கிழமை மதினியிடம் மதகு விஷயத்தைச் சொல்லப் போனேன். கூடவே, இத்தனை நாள் யாருக்கும் காட்டாத ஒன்றையும் எடுத்துப் போனேன். அந்த ஐப்பசிச் சனிக்கிழமையின் குறிப்பேடு. நீ கோலைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தபோது, உனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினேன் அல்லவா? பஸ் நேரம் குறிப்பதாக நினைத்திருப்பாய். அதில் இருப்பது இவ்வளவுதான்: "பச்சை முதுகு. பக்கத்தில் நீளமாகக் கறுப்புக் கோடு. பெரிய வாய். இரண்டு நொடி."

டப்பா மூடியில் படமாக இருக்கும் பாஸ் மீனுக்கும் பச்சை முதுகு, கறுப்புக் கோடு, பெரிய வாய். அந்தப் படத்தை நூறு முறை பார்த்துப் பழகிய கண் எனக்கு. தண்ணீரில் பார்த்தேனா, மூடியில் பார்த்ததைத் தண்ணீரில் பார்த்தேனா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அதனால்தான் சொல்லவில்லை. செய்தியாளனாக அது சரி என்றே இன்னும் நினைக்கிறேன். செய்திக்கு வெளியே, பாறையில், உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சொல்லியிருக்கலாம்.

மதினி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"இத அவுகட்டச் சொல்றதுக்கு என்ன கேடு வந்துச்சு உங்களுக்கு?"

"உறுதியாத் தெரியல மதினி."

"பேப்பருக்கா கேட்டாக? உங்ககிட்டல்ல கேட்டாக." குறிப்பேட்டை மூடி என் பக்கம் தள்ளினாள். "சனிக்கெழம தவறாம மசாலா அரச்சு வச்சிட்டு உக்காந்திருப்பேன். வெறுங்கையோட வந்து, சட்டிய மட்டும் கழுவி வச்சிருன்னு சொல்லிட்டுப் படுத்துருவாக. அப்பறம் கருவாடு வாங்க ஓடுவேன். அப்படி என்னதான் கெடந்துச்சு அங்கேன்னு எனக்குத் தெரியணும். இருந்தாலும் சொல்லுங்க, இல்லாட்டியும் சொல்லுங்க. என்னவோ ஒண்ணுன்னு மட்டும் வந்து நிக்காதீங்க."

நான் கிளம்பும்போது, "சொல்லவும் வேணாம், நானே வாரேன். அந்தப் பாறைய நான் பாத்ததே இல்ல" என்றாள். வழுக்கும் என்றேன். "அவுகளே உக்காந்தாக" என்றாள்.

நிலவரம் இதுதான். மதகைத் திறந்தால் தண்ணீர் வடிய நான்கு நாள் ஆகும் என்கிறார் பொறியாளர். மூன்றாம் நாள் காலையில் பட்டமரத்தின் அடி தெரியும். அன்றைக்கு நானும் மதினியும் எதிர்க்கரையில் இருப்போம். முருகேசு கூடையோடு சேற்றில் இறங்குவதாகச் சொல்லியிருக்கிறார். எது வந்தாலும் மூடியோடு ஒப்பிட டப்பாவைக் கொண்டு போகிறேன். ஏழு குஞ்சின் வாரிசில் ஒன்று இருக்கலாம். கெண்டையும் விராலும் உன் மர மீன்களும் மட்டும் இருக்கலாம். ஒன்றும் அகப்படாவிட்டாலும், அன்றைக்கு நீ பார்த்தது பொய் என்று ஆகாது. அதை மதினிக்கு எப்படிச் சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை.

அதற்கு முன் இரண்டு சனிக்கிழமை இருக்கிறது. இரண்டுக்கும் போகிறேன், மாவு எடுத்துக்கொள்ளாமல்.

நான் பார்த்தேன். பச்சை முதுகு, கறுப்புக் கோடு. இரண்டு நொடி.