கறுப்பு ஜாக்கெற்காரரும் எங்கள் ஆட்களும்

அக்கா,

இன்று காலை டூட்டிங் கடைத்தெருவில் விளைமீன் வாங்கிக் காரின் டிக்கியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பைகளை இறக்க வந்த இவர் டிக்கியைத் திறந்த உடனே பின்னால் பாய்ந்தார். "மீன் பழுதாப் போச்சுதப்பா. கொண்டுபோய்க் கடையில திருப்பிக் குடும்" என்றார். மீன் நல்ல மீன். மணம் உங்கள் மகள் மதுராவின் ஐஸ் ஹொக்கிப் பையிலிருந்து வந்தது. புதன்கிழமை வேர்வையில் ஊறிய கையுறைகளையும் முழங்கால் காப்புகளையும் அப்படியே அடைத்து மூடிவிட்டு, பையை என் காரிலேயே மறந்துபோயிருக்கிறாள். இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓட, நான் அங்கேயே நின்று நன்றாக ஒரு மூச்சு இழுத்தேன். உங்கள் பழைய காரில் ஏறினால் வரும் அதே மணம். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மீனை இவரிடம் கொடுத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு விஷயம் இருக்கிறது. மதுரா பெரிய அணியை விட்டுவிட்டு எங்கள் சின்ன அணிக்குத் திரும்பி வரப்போகிறேன் என்று போன ஞாயிறு சொன்னாள். நான் அதற்கு ஒரு பதில் சொன்னேன். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. சொன்னது சரியா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேரே விஷயத்துக்கு வந்தால் உங்களுக்குப் பிடிக்காது. உப்புப் பைக்கற் கடன் கேட்டு வந்து, ஜெர்மனிக் கதை முழுதும் சொல்லி முடித்து, உப்பை மறந்துவிட்டுப் போகிற ஆள் நீங்கள். அதனால் நானும் பழசிலிருந்தே வருகிறேன்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாய்மார் தேத்தண்ணியோடு இருக்கும் இடத்தில்தான் உங்களை முதலில் கண்டேன். ஜெர்மனியிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எல்லாரும் நல்ல பள்ளிக்கூடம் எது, கணக்கு ரியூஷன் எங்கே என்று கேட்பார்கள். நீங்கள் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து, "தங்கச்சி, இஞ்ச பிள்ளையள் ஐஸ் ஹொக்கி எங்க விளையாடுறவை?" என்று கேட்டீர்கள். நான் பகிடி என்று நினைத்தேன்.

"அக்கா, நாங்கள் கோடையிலயும் காலில மேசு போட்டுக்கொண்டு படுக்கிற ஆக்கள். எங்களுக்கு ஏன் ஐஸ்?"

"நிண்டு பாக்கிறவைக்குத்தான் குளிரும். ஓடுற பிள்ளைக்கு வேர்க்கும். உம்மட மகனையும் ஒருக்கா விட்டுப் பாருமன்."

விட்டுப் பார்த்தேன். என் மகன் கவின் அந்த முதல் நாள் நின்றதைவிட விழுந்து கிடந்ததுதான் அதிகம். விழுந்த இடத்தில் கிடந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்ததும் அடுத்த கிழமை எப்போது என்று கேட்டான். என் ஞாயிற்றுக்கிழமைகள் அன்றோடு போயின.

எங்கள் அக்கம்பக்கத்துக் கழகத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவ்வளவாக ஒன்றும் இல்லை. கோச் ஒரு பிளம்பர். குழாய் உடைந்தது என்று யாராவது கூப்பிட்டால் பாதிப் பயிற்சியில் போய்விடுவார். பழைய ஹெல்மெற்றும் சறுக்குச் சப்பாத்தும் ஒரு அலுமாரிக்குள் குவிந்து கிடக்கும். யாருக்கு எது அளவோ அதை எடுத்துப் போட வேண்டியதுதான். எல்லாப் பிள்ளைக்கும் சம நேரம் விளையாட்டு என்பது அங்கே சட்டம், அதனால் வெல்லும் நேரத்தில் கவினை இறக்கித் தோற்பது வழக்கம். தோற்றுவிட்டுப் பிள்ளைகளும் தாய் தகப்பனும் சேர்ந்து சிப்ஸ் கடைக்குப் போவோம். வென்ற அணியைவிட எங்கள் சத்தம்தான் அங்கே பெரிதாகக் கேட்கும். நீங்கள் பிள்ளைகளின் சப்பாத்துக் கயிறுகளை வரிசையாக இழுத்துக் கட்டிக்கொண்டு போவீர்கள். கட்டி முடிந்தவுடன் ஹெல்மெற்றில் ஒரு தட்டு. கவின் கயிறு சரியாக இருந்தாலும் அவிழ்த்துவிட்டு உங்களிடம் வந்து நிற்பான், அந்தத் தட்டுக்காக.

பிறகு அந்தப் பெரிய அணியின் கதை வந்தது. லண்டனுக்கு வடக்கே, நாடு முழுக்கப் போய் விளையாடும் அணி. எல்லாப் பிள்ளைக்கும் பெயரின் முதலெழுத்துப் பதித்த கறுப்பு ஜாக்கெற், ஒரே மாதிரிப் பை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைத் தெரிவுசெய்ய ஒரு ஞாயிறு வரச்சொல்லி எல்லாக் கழகத்துக்கும் அறிவித்திருந்தார்கள்.

எங்கள் ஆட்களின் குணம் உங்களுக்குத் தெரியும். பிள்ளையை எந்தச் சோதனைக்கு விட்டிருக்கிறோம், எந்த ரியூஷனுக்கு அனுப்புகிறோம் என்பதெல்லாம் முடிவு வரும்வரை வயிற்றுக்குள்ளேயே கிடக்கும். கண்பட்டுவிடும் என்று ஒரு பயம், கிடைக்காவிட்டால் சனம் கதைக்கும் என்று இன்னொரு பயம். ஹொக்கித் தெரிவையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன். ஐஸ் ஹொக்கிக்கு ரியூஷன் கொடுப்பார்களா என்றுகூடத் தேடினேன், கிடைத்திருந்தால் அனுப்பியும் இருப்பேன். உங்களிடம், அந்த ஞாயிறு கோவிலில் ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது, வர ஏலாது என்றேன். நீங்களும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "எனக்கும் ஏலாது. ஜெர்மனி மச்சாள் வாறா, எயார்போர்ட்டுக்குப் போகவேணும்" என்றீர்கள்.

எனக்கு அப்போது மோட்டர்வேயில் அந்த வேகத்தில் கார் ஓட்டுவதென்றால் நடுக்கம். விடிய முதலே வெளிக்கிட்டு, வெம்பிளி வழியாக, சின்னத் தெருக்களிலேயே ஊர் ஊராகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தேன். கவினின் நெற்றி நிறைய விபூதி. ஹெல்மெற் போட்டால் மறைந்துவிடும் என்று தாராளமாகப் பூசியிருந்தேன். கார் நிறுத்தும் இடத்தில் அவனை இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இன்னொரு கார் வந்து நின்றது. கதவைத் திறந்து நீங்கள் இறங்கினீர்கள். மதுராவின் நெற்றியிலும் விபூதி.

நீங்கள் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "கோபுரத்தைக் காணேல்லை. கோவில் உள்ளுக்கோ இருக்கு?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அக்கா. மச்சாளின்ர பிளேனும் உள்ளுக்குத்தான் இறங்குமாம்."

அந்தக் குளிரில், அந்தக் கார்களுக்கு நடுவில், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நாம் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் விலா வலிக்கிறது. பிள்ளைகள் இரண்டும் இவர்களுக்கு விசரோ என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து நாம் ஒருவருக்கொருவர் ஒன்றையும் ஒளித்ததில்லை. உங்களைக் கொண்டுபோன அந்த வருத்தத்தைக்கூட, மதுராவின் அப்பா அண்ணையிடம் சொல்ல முதல் என்னிடம்தான் சொன்னீர்கள்.

மதுராவை எடுத்தார்கள், கவினை எடுக்கவில்லை. கவின் காரில் ஏறியதும், "அப்ப ஞாயிற்றுக்கிழமையில எங்கட ஆக்களோடயே விளையாடலாம், என்ன அம்மா?" என்று கேட்டுவிட்டு நித்திரையாகிவிட்டான். எனக்குத்தான் ஒரு கிழமை முகம் தொங்கிக் கிடந்தது. அதோடு எங்கள் அணியில் கோல் அடிக்கத் தெரிந்த ஒரே பிள்ளையும் போய்விட்டாள். நான் உங்களோடு சண்டைக்கு வந்தேன். எங்கள் பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டுக் கறுப்பு ஜாக்கெற் போட்டவர்களிடம் ஓடுகிறீர்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அடுப்படியில் கறி வைத்துப் பொரிக்கும் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்த நீங்கள் கையை நிறுத்தவே இல்லை.

"பிள்ளை பள்ளிக்கூடம் போறதெண்டால் வீட்டை விட்டிட்டுப் போறதோ? பின்னேரம் வரத்தானே போறாள்."

சொன்னபடியே புதன்கிழமைகளில் அவளை எங்கள் ஐஸ் ரிங்குக்குக் கூட்டிவந்தீர்கள். போட்டியில் எங்களுக்காக ஆட முடியாவிட்டாலும், நிற்கவே தெரியாத சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து ஐஸில் நடத்தினாள். இன்றைக்கும் அதைச் செய்கிறாள்.

ஒருமுறை உங்களோடு அந்தப் பெரிய அணியின் ஆட்டத்துக்கு வந்தேன். மோட்டர்வே முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள். அங்கே போய்ப் பார்த்தால், தாய் தகப்பன்மார் ஆளுக்கொரு காரில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு தனித்தனியாக இருந்தார்கள். கிழமைக்குக் கிழமை பக்கத்துப் பக்கத்தில் கார் நிறுத்துகிறவர்களுக்கு ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. நீங்கள் டிக்கியைத் திறந்து ரோல்ஸ் தட்டையும் இஞ்சித் தேத்தண்ணிப் போத்தலையும் வைத்துவிட்டு, ஒவ்வொரு காராகப் போய்க் கண்ணாடியில் தட்டினீர்கள். ஒரு வழக்கறிஞர், உங்கள் கார் பற்றரி இறங்கிவிட்டது என்று நினைத்து வயரோடு இறங்கி வந்தார். அவர் கையில் ஒரு ரோலைக் கொடுத்தீர்கள்.

இரண்டாம் கிழமை அந்தக் கோச் வந்து, பிள்ளைகளின் உணவு அட்டவணையில் எண்ணெயில் பொரித்தது இல்லையே என்றாராம். "விளையாடுற பிள்ளையளுக்கு ஆர் குடுத்தது? இது சும்மா குந்தியிருக்கிற எங்களுக்கு" என்று உங்கள் ஜெர்மன் ஆங்கிலத்தில் சொல்லி அவருக்கும் ஒன்றைக் கொடுத்தீர்களாம். இளவேனில் வருவதற்குள் அந்தக் கார்களில் ஒருவரும் உள்ளே இருக்கவில்லை. எல்லாரும் உங்கள் டிக்கியைச் சுற்றித்தான் நின்றார்கள்.

போன கோடையில் உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு அவர்கள் எல்லாரும் வந்தார்கள் அக்கா. எங்கள் பிளம்பரும் அந்தக் கோச்சும் ஒரே மேசையில் இருந்து கையால் சாப்பிடப் பழகினார்கள். வழக்கறிஞர் பாயாச வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார். போதும் என்று கைமறித்த பெரியவருக்கும் விடாமல் ஊற்றினார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும்.

புரட்டாதியில் திரும்ப ஆட்டங்கள் தொடங்கியபோது மதுராவை யார் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது. அண்ணைக்கு ஞாயிறும் ஷிப்ட். கவினை இவர் கொண்டுபோகட்டும், மதுராவை நான் கொண்டுபோறன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மோட்டர்வே ஞாபகம் வந்தது. முதல் நாள் ஒரு லொறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, தேவாரம் சொல்லிக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்தையும் தவறவிட்டு, லொறி போன ஊருக்கே போய்விட்டேன். மதுரா பாதி ஆட்டம் முடிந்த பிறகுதான் ஐஸில் இறங்கினாள். பிறகு பிறகு பழகிவிட்டது. அங்கே போனால் கண்ணாடிச் சுவரில் இரண்டு கையாலும் அடித்துத் தமிழில் கத்துவேன். நடுவர் எனக்கென்று ஒரு பார்வை வைத்திருக்கிறார்.

போன ஞாயிறு போகும் வழியில்தான் அவள் அந்தக் கதையைச் சொன்னாள். "அன்ரி, நான் கோச்சுக்குச் சொல்லப்போறன். இந்த சீசனோட நிப்பாட்டுறன். லோக்கல் டீமுக்கு வாறன்."

உண்மையைச் சொல்கிறேன் அக்கா, எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். எங்கள் அணி இந்த வருடம் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. அவள் வந்தால் வெல்லும். பிளம்பர் ஆனந்தக் கண்ணீர் விடுவார். கவினும் அவளும் திரும்ப ஒரே அணியில் ஆடுவார்கள். எனக்கும் ஞாயிற்றுக்கிழமை விடியும்வரை படுக்கலாம். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"ஏன் பிள்ளை?" என்று கேட்டேன்.

"உங்களுக்குக் கரைச்சல், அன்ரி. ஒவ்வொரு கிழமையும். அம்மா இல்லையெண்டு நீங்கள் எனக்காக..."

"அதை விடு. உனக்கு அங்க விளையாட விருப்பமோ இல்லையோ?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்தபடியே, "சரியான விருப்பம்" என்றாள்.

என் முன்னால் ஒரு லொறி ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. "பொறு, இவரை முந்திப்போட்டுச் சொல்லுறன்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பக்கத்துப் பாதைக்கு எடுத்து, ஒரு லொறியை முந்தி, திரும்பவும் என் பாதைக்கு வந்தேன். பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"முதல் நாள் உன்ர அம்மாவுக்காகத்தான் வந்தனான். இப்ப நான் எனக்காக வாறன். வீட்டில மூச்சு விடாமல் சமைச்சு, வேலையில வாய் திறக்காமல் இருந்து, கிழமையில ஒருநாள் கண்ணாடியில அடிச்சுக் கத்துறதுக்கு எனக்கு வேற இடம் இருக்கே? நீ நிப்பாட்டினால் நான் எங்க போறது?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பகிடி விடுகிறேனா என்று பார்த்திருக்க வேண்டும். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அடுத்த கிழமை ஆட்டம் ஷெஃபீல்டில, அன்ரி" என்றாள்.

"எவ்வளவு தூரம்?"

"நாலு மணித்தியாலம் பிடிக்கும்."

"முழுக்க மோட்டர்வேயோ?"

"முழுக்க."

"சரி. ரோல்ஸ் எத்தனை சுத்துறது?"

சொன்னது சரிதானே அக்கா? எங்கள் அணி தோற்றுக்கொண்டே இருக்கட்டும், சிப்ஸ் கடை எங்கேயும் போய்விடாது. நாளைக்கு விடிய வெளிக்கிட வேண்டும். சில நாட்களில் காரை எடுக்க முதல் என்னையறியாமல் பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்து உங்களிடம் போய்வருவதாகச் சொல்லிக்கொள்கிறேன், மதுரா கேட்டும் கேட்காதது போல் இருப்பாள். நாளைக்குத் தூரப் பயணம், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

போட்டு வாறம், அக்கா.