வெள்ளிமலைக்கு இரண்டு வளைவு முன்னால்

இன்று காலை கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு பஞ்சர் கடை வாசலில் நின்றுவிட்டேன். கடைக்காரர் டியூபைத் தேய்த்து சொல்யூஷன் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் நகரவில்லை. "இன்னா சார், காத்தா பஞ்சரா?" என்று கேட்டார். என்னிடம் சைக்கிளே இல்லை. "சும்மாதான்" என்றேன். சும்மா நிற்பவரை இந்த ஊரில் யாரும் சந்தேகிப்பதில்லை. மாவட்டத் தலைநகரம் ஆன பிறகு அதற்கென்றே நிறைய அலுவலகங்கள் வந்துவிட்டன.

அந்த வாசனை உன்னுடையது. ஜீப்பின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சைக்கிள் பந்தயத்துக்கு முன்பு நம் அணியில் ஐந்து பேரின் டியூப்களையும் நீதான் பார்ப்பாய். யாரும் சொல்லவில்லை. கை சும்மா இருந்தால் உனக்குக் கூச்சம்.

உனக்கு 'நீங்கள்' போட்டு எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். நம் இருவருக்கும் ஒரே வயது. நான் உன்னை வா, போ என்றேன். நீ என்னை சார் என்றாய். செத்தவருக்கு மரியாதை கொடுப்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் தவறை அது நடந்த மொழியிலேயே எழுதுவதுதான் முறை என்று படுகிறது.

நம் அணி பிறந்த கதை உனக்குத் தெரியும். மில் முதலாளியின் மச்சான் நன்றாக சைக்கிள் ஓட்டுவார். அவர் பந்தயத்தில் ஓட வேண்டுமானால் கூட நான்கு பேர் வேண்டும். அவர்களை மேய்க்க ஒரு மேனேஜர் வேண்டும். மில்லில் மேற்பார்வை பார்த்த எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும் என்பதால் நான் மேனேஜர். பழைய பேப்பர் கடையில் கிடைத்த, அட்டை இல்லாத ஓர் ஆங்கிலப் புத்தகம்தான் என் அனுபவம். ஐரோப்பாவில் சம்பளத்துக்கு சைக்கிள் மிதிக்கும் அணிகள் எப்படி நடக்கின்றன என்று அதில் இருந்தது. அணிக்கு ஒரு தலைவர். மற்றவர்கள் அவருக்கு முன்னால் போய் எதிர்காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். ஜீப்புக்கு வந்து தண்ணீர் எடுத்துப்போய் அவருக்குக் கொடுக்க வேண்டும். அவருடைய சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். இதில் நம் நாட்டுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. ஒரே ஒரு வித்தியாசம்தான். அங்கே கால் வலுவைப் பார்த்துவிட்டுத் தலைவரை முடிவு செய்கிறார்கள். நாம் தலைவரை முடிவு செய்துவிட்டுத்தான் மற்றவர்களின் கால்களைப் பார்த்தோம்.

மில்லில் சைக்கிள் ஓட்டுகிற பதவி என்று எதுவும் கிடையாது. அதனால் நீங்கள் நான்கு பேரும் மூட்டை தூக்குவோர் பட்டியலில் இருந்தீர்கள். காலையில் சின்னசேலம் சாலையில் பயிற்சி, பகலில் நிஜமாகவே மூட்டை. அந்தப் புத்தகத்தில் ஓய்வு பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. அதை நான் யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

மச்சான் கெட்டவர் இல்லை. "இவன் முதுவுக்குப் பின்னால போனா காத்தே தெரியல சார், வூட்டுக்குள்ள ஓட்டிக்கினு போற மாரி கீது" என்று உன்னை மனதாரப் புகழ்வார். புத்தகம் சொன்னபடி நான் குளுக்கோஸ் பிஸ்கட் வாங்கித் துணிப்பையில் போட்டுக் கொடுப்பேன். நீ உன் வீட்டில் இடித்த சாமை மாவில் வெல்லம் சேர்த்து உருண்டை கொண்டுவருவாய். அதில் ஒன்றைத் தின்றுவிட்டு அவர், "இது எந்த பேக்கரிடா?" என்று கேட்டார். "மேல கீதுங்க, வெள்ளிமலைக்கு அந்தாண்ட" என்றாய். அன்றிலிருந்து என் பிஸ்கட்டை ஜீப் டிரைவர்தான் தின்றார்.

வெள்ளிமலைப் பந்தயத்துக்கு முந்தின நாள் நீ என்னிடம் தனியாக வந்தாய். கள்ளக்குறிச்சியில் தொடங்கி, கச்சிராயபாளையம் வழியாக மலையேறி வெள்ளிமலையில் முடிகிற பந்தயம். அது உன் மலை.

"சார், நான் சைக்கிள் ஓட்டறேன்னா எங்க ஊர்ல எவனும் நம்பமாட்றானுங்க. மூட்ட தூக்கறவனுக்கு எதுக்குடா சைக்கிள் தொப்பின்னு சிரிக்கிறானுங்க. எம் பொண்ணு கூட கேக்குதுங்க. ஒரே ஒரு தபா, வெள்ளிமலைக்கு மட்டும், நான் முன்னாடி போய்க்கட்டுமா?"

நான், "பாக்கலாம்" என்றேன்.

கீழே, அலுவலகங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும். முடியாது என்பதை முகம் கோணாமல் சொல்ல நாங்கள் கண்டுபிடித்தது அது. நீ மலைக்காரன். சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டாய். சார் பாக்கலாம்னு சொல்லிட்டாரு, எல்லாரும் வந்து பாருங்க என்று ஊருக்கே சொல்லி அனுப்பினாய்.

மறுநாள் முதலாளி கொடி அசைத்து அனுப்பிவிட்டு, மில்லுக்குத் திரும்பும் முன் என்னைக் கூப்பிட்டார். "எவன் ஜெயிச்சாலும் பரவால்ல. நம்ம மூட்டக்காரனுக்குப் பின்னால மச்சான் வந்தாருன்னு நாளைக்கு எவனும் பேசக்கூடாது, அவ்ளோதான்." முதலிடம்கூட அவர் கேட்கவில்லை. அவ்வளவு எளிமையான மனிதர்.

கச்சிராயபாளையம் வரை நீ மச்சானுக்குக் காற்றை மறைத்துக்கொண்டு போனாய். மலை தொடங்கி மூன்றாவது வளைவில் அவருக்கு மூச்சு வாங்கியது. நீ திரும்பிப் பார்த்தாய், ஜீப்பில் இருந்த என்னையும் பார்த்தாய். நான் வேறு பக்கம் பார்த்தேன். அதையும் நீ அனுமதி என்றே எடுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க யாராலும் முடியவில்லை. பின்னால் வருபவர்களோடு உள்ள இடைவெளியை சிலேட்டில் எழுதி ஓட்டுபவருக்குக் காட்ட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அன்று சிலேட்டில் நான் எதையும் எழுதவில்லை.

வெள்ளிமலைக்கு இரண்டு வளைவு முன்னால் ஜீப் உன்னை எட்டியது. மேல் வளைவில் உன் ஊர் முழுக்க நின்றுகொண்டிருந்தது. யாரோ ஒருவர் தோளில் உன் பெண். உன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஜீப்பிலிருந்து தலையை நீட்டினேன்.

"நில்லு! மச்சான் வுழுந்துட்டாரு. சக்கரம் கோணிக்கிச்சி. உன் சக்கரம் வேணும்!"

நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இறங்கினாய், முன்சக்கரத்தைக் கழற்றினாய், அதைக் கையில் தூக்கிப் பிடித்தபடி சாலையோரம் நின்றாய். மேலே கத்தல் மெல்ல அடங்கியது. ஆத்தூர் அணிக்காரர்கள் இரண்டு பேர் உன்னைத் தாண்டிப் போனார்கள். பிறகு மச்சான் வந்தார். கோணாத சக்கரம், தூசு படாத சட்டை. "ஏன்டா நிக்கிற, பஞ்சரா?" என்று கேட்டுவிட்டு, நீ நீட்டிய சக்கரத்தைப் பார்க்காமலே ஏறிப் போனார். அவருக்கு எதுவும் தெரியாது. அவருக்கு மூன்றாமிடம். சக்கரத்தை மாட்டிக்கொண்டு ஏறிய உனக்கு எட்டாமிடம்.

உன் மனைவி கூட்டத்தை விட்டு என்னிடம் நேராக வந்தார். கோபம் எதுவும் இல்லை. "பாக்கலாம்னீங்களாம். எல்லாரையும் கூட்டியாந்தாரு. பாத்துட்டோம்ங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

இறங்கும்போது நீ ஜீப்பில் என் பின்னால் உட்கார்ந்திருந்தாய். "வுழுந்துட்டாருன்னீங்களே சார்?" என்றாய். "வேற யாரோ போலருக்கு. தூரத்துல சரியாத் தெரியல" என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "ஆமாங்க, மலையில தூரம் ஏமாத்தும்" என்றாய். பிறந்ததிலிருந்து மலையில் தூரம் பார்த்தவன் சொன்னது அது. பொய்யை முடிக்கத் தெரியாமல் நான் விழித்தபோது நீயே முடித்துக் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நீ மில்லில் இருந்தாய். தினமும் பார்த்தேன். உண்மையைச் சொல்ல ஒரு நல்ல நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். படித்தவர்களான நாங்கள் கோழைத்தனத்தைப் பெரும்பாலும் பஞ்சாங்கத்தோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறோம். மச்சானுக்கு சைக்கிள் சலித்ததும் அணி கலைந்தது. நீ மலைக்குப் போய்விட்டாய்.

நீ செத்துப்போன செய்தி எனக்கு மூன்று வாரம் தாமதமாகக் கிடைத்தது. உன் ஊருக்குப் பேருந்தில் வந்தேன். அந்த இரண்டு வளைவுகளிலும் கண்ணை மூடிக்கொண்டேன். உன் மனைவி உள்ளேயே இருந்தார், வெளியே வரவில்லை. உன் மகள்தான் நாற்காலி போட்டாள். இப்போது பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறாளாம். நான் யாரென்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"சாரா நீங்க! அப்பா உங்களப் பத்திச் சொல்லிக்கினே இருப்பாருங்க. அன்னிக்கி ஜீப்புல மொதலாளி உங்க பக்கத்துலயே குந்திக்கினு நிறுத்துடான்னு மெரட்னாராமே. நீங்க எவ்ளோ கெஞ்சியும் கேக்கலியாம். பாவம், சார் கண்ணு கலங்கிட்டாருன்னு அப்பா எப்பவும் சொல்வாரு."

ஜீப்பில் டிரைவரும் நானும்தான் இருந்தோம். நீ சைக்கிளிலிருந்து இறங்கும்போது ஜீப்புக்குள் பார்த்தாய். என் கண்ணும் கலங்கியிருக்கவில்லை.

உன் மகள் என் பதிலுக்குக் காத்திருந்தாள். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. நான் தலையாட்டினேன். "ஆமாம்மா, ரொம்பக் கஷ்டமா போச்சி" என்றும் சொன்னேன். அவள் என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள். அதையும் குடித்துவிட்டுத்தான் பேருந்து ஏறினேன்.