நான் அனுப்பியவை

மார்ச் 4, செவ்வாய்

நான் மின்னஞ்சல் கணக்கு வைத்திருக்கும் கம்பெனி இந்த மாதக் கடைசியோடு கடையை மூடுகிறதாம். அதற்குள் பழைய கடிதங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். பதினான்கு வருடக் கடிதங்கள்! பகல் முழுக்க ஃபிரிட்ஜ் கம்பெனியில் உட்கார்ந்து ஊரார் புகாரை எழுதிவிட்டு வந்தால், வீட்டில் இது வேறு. மகள்தான் புது முகவரி போட்டுக் கொடுத்தாள். “எல்லாத்தையும் எதுக்கும்மா தூக்கிட்டுப் போற? வேணுங்கிறதை மட்டும் எடு.”

மார்ச் 9, ஞாயிறு

வேண்டியதில் முதலாவது அண்ணன் எழுதியது. தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்தது. மொத்தமே இரண்டு வார்த்தை: “சரி, வரலை.” அப்பா கண்மூடும் வரை அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாக அண்ணனோடு பேச்சு வார்த்தை இல்லை. ஏன் என்று கேட்கிற உறவுக்காரர்களுக்கு இதைத்தான் திறந்து காட்டுவேன். உச்சுக் கொட்டுவார்கள். இதை விட்டுவிட்டு வருவேனா?

மார்ச் 12

முந்நூறு கடிதம் ஏறியதும் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து. முதுகு விட்டுப்போச்சு.

மார்ச் 16, ஞாயிறு

வந்த கடிதங்கள் ஒருவழியாக முடிந்தன. மகள் எட்டிப் பார்த்து, “நீ அனுப்பினதை எடுக்கலையே?” என்றாள். நான் எழுதியதை நானே எதற்குச் சேர்த்து வைக்க? கிடக்கட்டும் என்று அதையும் ஏற்றினேன். தேதிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம். அண்ணனுக்கு நான் எழுதிய ஒன்று. திறந்தேன்.

“இத்தனை நாள் எட்டிப் பார்க்காதவன் இப்ப வந்து என்ன கிழிக்கப் போற? உன்னைப் பார்த்தா அப்பாவுக்கு ரத்தக் கொதிப்புதான் ஏறும். வராதே.”

அண்ணனின் “சரி, வரலை” அதற்கு மறுநாள்.

நானா? நானா எழுதினேன்? மூணு நாள் தூங்காம இருந்தேன், அதான் — அதான் என்ன? எழுதினது நான்தானே. எப்படி மறந்தேன்?

மார்ச் 17

ஐஸ் உறையவில்லை என்று ஒரு பெண்மணி போனில் கத்தினாள். “மன்னிச்சுக்குங்க” என்றேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன். அண்ணனுக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மார்ச் 23, ஞாயிறு

முகவரி மாறியதை எல்லோருக்கும் மொத்தமாக அனுப்பினேன். அண்ணனுக்கு மட்டும் தனியாக. நான்கு தடவை எழுதி அழித்தபின்: “அண்ணா, இது என் புது முகவரி. வராதேன்னு சொன்னது நான்தான். பழியை உன்மேல போட்டுட்டேன். மன்னிச்சிடு.”

மார்ச் 26

பதில் இல்லை. எந்த முகத்தோடு எதிர்பார்க்கிறேன்?

மார்ச் 30, ஞாயிறு

அண்ணன் எழுதியிருக்கிறான். “நீ எழுதினதை அன்னைக்கே அழிச்சுட்டேன். உங்க அண்ணி கண்ணுல பட்டா உன்னைத் தப்பா நினைப்பா. லீவு கிடைக்கலைன்னுதான் அவகிட்ட சொன்னேன். அவளுக்கு இன்னைக்கும் தெரியாது. விடு.”

வாய்விட்டு அழுதேன். மகள் பயந்து ஓடி வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு ஒரு தாளை எடுத்து, அந்தக் கடிதத்தை யார் யாரிடம் காட்டினேன் என்று எழுதினேன். சித்தி, பெரிய மாமா, அத்தை வீட்டில் மூன்று பேர்... மொத்தம் பதினொரு பேர். எல்லோரிடமும் சொல்லியாக வேண்டும்.

முதல் போன் அண்ணிக்கு.