அண்டாவில் போட்ட வேர்க்கடலை

இன்று காலை மகன் ஒரு கூடை வேர்க்கடலையைப் பிடுங்கிவந்து மண்ணோடு வாசலில் கொட்டினான். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், உன்மேல் கோபம் வந்துவிட்டது. செத்துப்போனவள்மேல் என்ன கோபம் என்று கேட்காதே. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாயே, அந்தக் கோபம்தான்.

எல்லை பிரித்து, திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போய், நம் புத்தூர் ஆந்திராவிலேயே நின்ற சமயம் அது. நீயும் நானும் டீச்சராக இருந்த பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே தமிழ் வகுப்பு இனியும் வேண்டுமா என்று பார்க்க, சித்தூரிலிருந்து ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொன்னார்கள். வகுப்பை மூடினால் பாதிப் பிள்ளைகள் மாடு மேய்க்கப் போய்விடும் என்று நம் இருவருக்கும் தெரியும். நான் வாய்ப்பாட்டை உருப்போட வைத்துத் தொண்டை கட்டிக் கிடந்தேன். நீயோ அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, காய்ந்த வேர்க்கடலையை மடியிலிருந்து அவிழ்த்துக் கொட்டினாய். அதுவும் என் மாமியாரின் அண்டா!

"தோலோட போட்டா மெதக்குது, உரிச்சுப் போட்டா முங்குது. ஏன்?" என்று கேட்டாய். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. "பதிலைச் சொல்லிக் கொடுடி, அந்த ஆள் வந்து கேப்பாரு" என்று நான் கெஞ்சியதற்கு, "சும்மா இரு, அதுங்களே கண்டுபிடிக்கும்" என்றாய்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தபோது தரையெல்லாம் தண்ணீரும் தோலுமாகக் கிடந்தது. கடலையை மட்டும் காணோம்.

"எங்கடா?" என்று பதறினேன்.

"துன்னுட்டோம் டீச்சர்."

எனக்கு உயிரே போய்விட்டது. நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய், பாவி!

ஒரு சிறுமி மட்டும் கையை விரித்தாள். உள்ளே ஒரே ஒரு காய். அது ஏன் மிதக்கிறது என்று அவர் தெலுங்கில் கேட்டார். "உள்ள காத்து கீது சார்" என்றாள் அவள். தோலை லேசாக விரிசல் விட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி.

"தெரியாது சார்" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டேன். இத்தோடு வகுப்பு முடிந்தது என்றே நினைத்தேன்.

"போட்டுப் பாக்கலாமா?" என்றாள் அவள்.

போட்டாள். அது முழுசாக முங்கவில்லை, பாதி முங்கி நின்றது. ஏன் என்று பிள்ளைகள் அண்டாவைச் சுற்றிச் சண்டை போட்டார்கள். பொறுக்கமாட்டாமல் அவரே முழுக்கைச் சட்டையோடு கையை விட்டுக் காயை அமுக்கினார். குமிழ் குமிழாக மேலே வந்தது. "காத்து சார், காத்து!" என்று பிள்ளைகள் கத்த, அவரும் கூடவே கத்தினார். கையை எடுத்தார். காய் அடியிலேயே கிடந்தது.

புறப்படும்போது, தமிழ் வகுப்பு இருக்கட்டும், தெலுங்கு வகுப்பிலும் ஒரு அண்டா வையுங்கள் என்றார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நீ கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாய். "சீ, எழுந்திருடி" என்று திட்டிக்கொண்டே நானும் அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தில்கூட இல்லை.

அடுத்த வாரம் திருப்பதியில் எனக்குக் கண் ஆபரேஷன். "பார்வை நல்லா வந்துடுமா மா?" என்று மகன்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறான். டீச்சராக இருந்தவள் அல்லவா, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பேன் என்று அவனுக்கு நினைப்பு.

"தெரியாதுடா" என்றேன். "கண்ணுக் கட்டைப் பிரிச்சுப் பாக்கலாம்."

அவன் முகம் வாடிவிட்டது. எனக்கோ, எப்போதடா அந்த நாள் வரும் என்று இருக்கிறது.