பட்டில் கட்டினால் தழும்பு விழாது

டீச்சர்,

நீங்கள் போய்விட்ட செய்தி எனக்கு ஒரு புடவைக் கடையில் கிடைத்தது. அத்திவரதரைப் பார்க்க வந்த கூட்டம் அப்படியே காந்தி ரோட்டுக் கடைகளிலும் நிரம்பி வழிகிறது. கூட வேலை பார்க்கும் டீச்சருக்குத் துணையாகப் போயிருந்தேன். பக்கத்தில் வெளியூர் அம்மாள் ஒருத்தி, இது அசல் பட்டுதானா என்று கடைக்காரரை விடாமல் குடைந்துகொண்டிருந்தாள். அவர் முந்தானை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினார்.

"மோந்து பாருங்கம்மா. முடி கருகுற வாடை வருதா? அப்ப இது அசலு."

அந்த வாடை என் மூக்கில் ஏறிய அதே நேரத்தில்தான் கூட வந்தவள் சொன்னாள். "உனக்குத் தெரியுமா? பெரிய டீச்சர் மெட்ராஸ்ல மக வூட்ல போய்ட்டாங்களாம்பா." சொல்லிவிட்டு, பாவம், நல்ல மனுஷி என்றாள். எனக்கு வந்தது கோபம். சொல்ல வேண்டியதை நான் சொல்லி முடிப்பதற்குள் நழுவிவிட்டீர்களே என்ற கோபம். செத்துப்போனவர்களைப் பற்றி நல்லதையே பேச வேண்டுமாம். பேசுகிறவர்கள் பேசட்டும்.

என்னை வேலைக்கு எடுத்த நாள் உங்களுக்கு நினைவிருந்திருக்காது. எனக்கு நன்றாக இருக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வாடகை வீடு, அதில் காது கேளாத குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். தெரு முழுக்கத் தறிச்சத்தம். அதைத் தொந்தரவாக நினைக்காதவர்கள் அந்தக் குழந்தைகள் மட்டும்தான். நான் எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட்டை இரண்டு கையாலும் நீட்டினேன். நீங்கள் அதைப் பார்க்கவில்லை, என் விரல்களைப் பார்த்தீர்கள்.

"நெசவுக்காரங்க வீட்டுப் பொண்ணா? பாவு பிணைப்பியா?"

"பிணைப்பேன் டீச்சர்."

தறியில் பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவை அதோடு இழை இழையாகச் சேர்க்கும் வேலை அது. ஆயிரக்கணக்கில் இழை இருக்கும், ஒன்றுகூட நழுவக் கூடாது. எங்கள் தெருவில் என் கைக்குத் தனிப் பெயர் உண்டு. அந்தப் பெருமையோடுதான் உங்கள் பள்ளிக்கு உதவியாளராக வந்து சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் தறியை விட்டு வெளியே வேலைக்குப் போன முதல் பெண் நான். அன்று தெருவே என்னைப் பார்த்தது.

மறுநாள் காலையில்தான் வேலை என்னவென்று தெரிந்தது. பேச்சுப் பயிற்சி வகுப்பு தொடங்கும் முன், குழந்தைகளின் கைகளை முதுகுக்குப் பின்னால் சேர்த்துக் கட்ட வேண்டும். அதற்கென்று சிவப்புக் கழிவுப் பட்டு நூலை முழம் முழமாக நறுக்கி ஒரு டப்பாவில் வைத்திருந்தீர்கள். நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள். "கை பேசினா வாய் பேசாது. பயப்படாதே, பட்டுல கட்டினா தழும்பு விழாது." தழும்பு விழாமல் இருப்பதுதான் உங்களுக்கு முக்கியம். பெற்றோர் கண்ணில் பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

நான் கட்டினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பதினான்கு ஜோடிக் கைகளை நாள் தவறாமல் கட்டினேன்.

உங்கள் திறமையை நான் மறுக்கவில்லை. குழந்தையின் மோவாயை ஒரு விரலால் நிமிர்த்தி, உங்கள் உதட்டைப் பார்க்க வைத்து, ஒரே எழுத்தை நூறு தடவை சொல்வீர்கள். அலுக்கவே அலுக்காது. தென்னேரிப் பையன் ஒருவன் 'அம்மா' என்று சொன்னபோது அவனுடைய தாய் உங்கள் காலில் விழுந்ததைப் பார்த்தவள் நான். அந்த ஒரு 'அம்மா'வை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் ஓட்டினீர்கள் டீச்சர்! யார் வந்து கேட்டாலும் அந்தப் பையனைக் கூப்பிட்டு நிறுத்துவீர்கள்.

தேவகி வேறு மாதிரி. ஐயம்பேட்டை நெசவாளி மகள், எட்டு வயது. வீட்டில் அப்பா நெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாக்கட்டையைத் தள்ளிக்கொடுப்பாள். தறிச்சத்தத்தில் யார் கத்தினாலும் கேட்காது என்பதால் அந்த வீட்டில் எல்லோருமே கையால்தான் பேசினார்கள். இழு, நிறுத்து, ஜரிகை தீர்ந்தது, எல்லாவற்றுக்கும் ஒரு சைகை. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நுனியோடு நுனி சேர்த்து வெடுக்கென்று பிரித்தால் இழை அறுந்தது என்று அர்த்தம். இதையெல்லாம் அவள் பள்ளிக்குக் கொண்டுவந்தாள். ஒரே மாதத்தில் பதினான்கு குழந்தைகளும் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். வயிறு வலித்தாலும், வீட்டு நினைப்பு வந்தாலும், இழை அறுந்தது என்பார்கள். கொல்லைப்புறத்தில் அவர்கள் சிரித்துப் பேசுவதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் இவள்தான் கெடுக்கிறாள் என்றீர்கள். தேவகிக்கு இரட்டை முடிச்சு போடச் சொன்னீர்கள். போட்டேன்.

அன்றைக்கு 'ப' பாடம். ஒவ்வொரு குழந்தையின் முன்னாலும் ஒரு மெழுகுவத்தி. 'ப' என்று சொன்னால் சுடர் ஆட வேண்டும். நீங்கள் பலகையில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் கடைசி வரிசையில் ஒரு பையனின் தளர்ந்த முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தேன். தேவகி ஊதக் குனிந்தாள். தோளிலிருந்து பின்னல் முன்னால் சரிந்தது. ரிப்பன் பற்றிக்கொண்டது.

பதின்மூன்று குழந்தைகள் அதைப் பார்த்தார்கள். உங்களைத் தொட்டுக் கூப்பிட அவர்களில் ஒருவருக்கும் கை இல்லை. தேவகி அலறினாள். 'ஆ' என்று, அந்தப் பள்ளிக்கூடம் அதுவரை கேட்டிராத பெரிய சத்தத்தில்.

நீங்கள் திரும்பவில்லை. சாக்பீஸை நிறுத்தாமல், சந்தோஷமாகச் சொன்னீர்கள். "அப்படித்தான்! குரல் வந்துடுச்சு பார்! இன்னும் சத்தமா!"

இதற்காகத்தான் டீச்சர். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை வருடம் உங்கள் மேல் கறுவிக்கொண்டிருந்தேன்.

ஓடிவந்து புடவையைப் போட்டு அமுக்கினேன். கையை அவிழ்க்கப் பார்த்தேன். என் முடிச்சு, எனக்கே அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்தேன். காதிலிருந்து தோள்வரை வெந்திருந்தது. அறை முழுக்க முடி கருகிய வாடை.

சாயங்காலம் அவளுடைய அப்பா வந்தார். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மெழுகுவத்தியை வைத்து விளையாடினாள் என்றீர்கள். அவர் உங்களை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. நம்ம சனம் நீ. கொழந்த வெளயாடிக்கினா இருந்துச்சு?"

வேலை போய்விடுமே என்று நினைத்தேன். தறிக்கே திரும்பிப் போனால் தெரு சிரிக்குமே என்றும் நினைத்தேன். தலையை ஆட்டினேன். மருந்துக் கட்டோடு அவர் தோளில் சாய்ந்திருந்த தேவகி அந்தத் தலையாட்டலைப் பார்த்தாள். அதைப் புரிந்துகொள்ள அவளுக்குக் காது தேவைப்படவில்லை. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

அன்றே வேலையை விட்டிருக்கலாம். விட்டால் உங்களை யார் கேட்பது? அதனால் இருந்தேன். கட்டுவதை நிறுத்தாமல், இறுக்குவதை நிறுத்தினேன். பார்க்க முடிச்சு போலவே இருக்கும், இழுத்தால் வந்துவிடும். குழந்தைகள் உங்கள் முதுகுக்குப் பின்னால் கையை உருவிப் பேசிவிட்டு, நீங்கள் திரும்பும் முன் மறுபடி நுழைத்துக்கொள்வார்கள். கடைசிவரை உங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயம்பேட்டைக்கு பஸ் ஏறினேன். தேவகி பல மாதம் என் முகத்தையே பார்க்கவில்லை. அவள் தறியில் உட்கார்ந்திருப்பாள், நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அவளே வந்து என் கையைப் பிடித்து, விரல்களை மடக்கி, முதல் சொல்லைக் கற்றுக்கொடுத்தாள். தண்ணீர்.

போன வருடம் உங்களுக்குப் பிரிவு உபசார விழா நடந்ததே, அதுதான் நான் காத்திருந்த நாள். குழந்தைகள் ஒரு நாடகம் போடுகிறார்கள், வசனம் கிடையாது என்றேன். உங்களுக்கு மகிழ்ச்சி. தேவகிதான் அதைச் சொல்லிக்கொடுத்தாள். பத்தொன்பது வயதுப் பெண்ணாக, தழும்பு மேல் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கட்டினவளும் மேடையில் வர வேண்டும். சரி என்றேன்.

மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். மேடையில் ஒரு பெண் எல்லோருடைய மோவாயையும் ஒரு விரலால் நிமிர்த்திக்கொண்டே வந்தாள். அது நீங்கள். ஒரு குட்டிப்பெண் சிவப்பு நூலோடு பின்னாலேயே வந்து கட்டினாள். அது நான். மெழுகுவத்தி வந்தது. ஒருத்தி வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் அலறினாள். நிமிர்த்துகிறவள் முதுகைக் காட்டிக்கொண்டு கைதட்டினாள்.

என் பக்கம் சாய்ந்து கேட்டீர்கள். "என்னம்மா சொல்றாங்க?"

"உங்களுக்கு நன்றி சொல்றாங்க டீச்சர்."

கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அரங்கில் இருந்த காது கேளாத குழந்தைகள் அத்தனை பேரும் எழுந்து, சேர்த்து வைத்த இரண்டு விரல்களை வெடுக்கென்று பிரித்துக் காட்டினார்கள். டாட்டா காட்டுகிறார்கள் என்று நினைத்து நீங்களும் கையை ஆட்டினீர்கள். எனக்கு உள்ளே தித்தித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் நூல் வைத்திருந்த குட்டிப்பெண் மேடையின் முன்னால் தனியாக வந்தாள். ஒத்திகையில் அது கிடையாது. சபையைப் பார்த்து ஒரே ஒரு முறை தலையை ஆட்டிவிட்டுப் போனாள். திரைக்குப் பக்கத்திலிருந்து தேவகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களைப் பழிவாங்க நான் செய்த ஏற்பாட்டில் பாதிப் பங்கு எனக்கு வந்து சேர்ந்தது. எனக்குப் புரிந்தது, உங்களுக்குப் புரியவில்லை. அந்த விதத்திலும் தப்பித்துக்கொண்டீர்கள்.

மெட்ராஸுக்கு வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்து, அந்த நாடகத்தை ஒவ்வொரு சைகையாக உங்களுக்குப் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு வருடமாக நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை இருந்திருக்கக் கூடாதா? இப்போது எழுதிவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை, எழுதவும் போவதில்லை.

கடையிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்து தேவகியிடம் சொன்னேன். அவள் இப்போது இங்கேதான் தையல் வகுப்பு எடுக்கிறாள். ஒரு விரலால் தன் மோவாயை நிமிர்த்தினாள். குழந்தைகள் உங்களுக்கு வைத்த பெயர் அதுதான். அப்புறம் போய்விட்டார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு தையலுக்குத் திரும்பிவிட்டாள்.

எனக்கும் ஒரு பெயர் உண்டு டீச்சர். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வைத்து, மேலே ஒரு முடிச்சு இழுப்பது. தேவகி வைத்தது. பழைய குழந்தைகள் புதுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, காரணம் தெரியாமலே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மாற்றச் சொல்லி நான் கேட்டதில்லை. சற்று முன், இந்த ஜூனில் சேர்ந்த ஐந்து வயதுப் பெண் வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு சின்ன மணிக்கட்டையும் ஒன்றாகச் சேர்த்து முடிச்சு போட்டுக் காட்டி, தண்ணீர் என்றாள். போய்க் கொடுத்துவிட்டு வந்துதான் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன்.