வட்டமாக உட்கார ஓர் இடம்

மண்டோர்,

கல்வாழைக் கிழங்குகளைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். கடலோரப் பூங்காவில், தூங்குமூஞ்சி மரத்தடியில் இருந்த அந்த வட்டப் பாத்தியைத்தான் சொல்கிறேன். திங்கட்கிழமை முழுக்க ஈர மண் வாடை மேட்டில் ஏறி, நான் படம் வரைகிற மேசை வரைக்கும் வந்தது. சன்னலைச் சாத்தினேன். பிறகு நானே எழுந்து போய்த் திறந்தேன். வேலை முடிந்து நீ திரும்பும்போது உன் சட்டையில் இருக்குமே, அதே வாடை. நீ போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்த வாடையோடு இப்போது யாரும் என் அறைக்குள் வருவதில்லை. சொல்லப்போனால் யாருமே வருவதில்லை.

நாம் இருவரும் ஐந்து வருடம் ஒரே அறையில் இருந்தோம் என்றால் இன்றைக்கு அலுவலகத்தில் எவனும் நம்பமாட்டான். நான் கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு பிளான் வரைகிறவன். நீ முப்பது கூலி ஆட்களை மேய்க்கிற மண்டோர். உன் ஆட்கள், கூலிகள் மொத்தமாகத் தங்கும் கொங்சி வீட்டில் காலை நீட்ட இடமில்லாமல் முடங்கிக் கிடக்க, நீ மட்டும் கடைத்தெரு மாடியில் என்னோடு இருந்தாய். அலுவலகக் குமாஸ்தாவைக் கூப்பிடுவதுபோல் என்னைக் ‘கிராணி’ என்றுதான் கூப்பிடுவாய். அது கேலியா மரியாதையா என்பது எனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. ராத்திரிச் சோற்றுக்குத் தரையில் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்காருவோம். வெளியே எங்கேயாவது உட்காரச் சொன்னால் மட்டும் நான் நின்றுகொண்டே இருப்பேன். “சப்பாத்து போட்டா சம்மணம் மறந்துபோயிருமோ?” என்று கிண்டல் செய்வாய்.

இந்தக் கரையிலிருந்து சிங்கப்பூருக்குப் பாதை போடக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. கரையோரம் ஒரு துண்டு நிலத்தைப் பூங்காவாக்க வேண்டும், படம் போட்டுக் கொண்டு வா என்று துரை என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நடைபாதை, பெஞ்சு, பூப்பாத்தி என்று தாள் தாளாகப் போட்டுப் போட்டு அழித்தேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் சந்தைப் பக்கம் சாக்கடைக் கட்டையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த உன் ஆட்களைப் போலீஸ்காரன் தடியால் தட்டி எழுப்பி விரட்டினான். அவர்களுக்கு இருந்தது வாரத்தில் அந்த ஒரு நாள். கொங்சியில் உட்கார இடமில்லை, தெருவில் உட்கார்ந்தால் விரட்டுகிறார்கள். நீ அறைக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் என் படத்தின் முன்னால் குந்தினாய்.

“பெஞ்சு எத்தனை வேணும்னாலும் போடு, கிராணி. நம்ம ஆளுங்க அதுல உக்கார மாட்டாங்க. பெஞ்சுல உக்காந்தா எல்லாரும் கடலத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். மூஞ்சியப் பாத்துப் பேசினாத்தானே பேச்சு? இதுல கோட்டு போட்டவன் வந்தா எந்திரிக்க வேற செய்யணும். அந்த மரத்தடியில வட்டமா ஒரு இடம் விட்டுடு. வெறும் புல்லு போதும்.”

அந்த இடத்திலேயே பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன். நீ அதை விரலால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, முப்பது பேர் தாராளமாகக் கொள்ளும் என்றாய்.

மறுநாள் துரை என் படத்தின் மேல் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். வட்டத்தில் பென்சிலை வைத்து, இது என்ன என்று கேட்டார். ஆட்கள் உட்காரும் இடம் என்று சொல்ல வேண்டியதுதானே. தரையிலா என்று அவர் கேட்பார். ஆமாம் சார், எங்கள் ஆட்கள் தரையில்தான் உட்காருவார்கள் என்று நான் சொல்ல வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது, மண்டோர். ராத்திரி உன்னோடு தரையில் உட்கார்ந்து தின்றவனுக்கு, பகலில் அதைச் சொல்ல நா எழவில்லை. “பூப்பாத்தி, சார்” என்றேன். என்ன பூ என்று எழுது என்றார். கல்வாழை என்று எழுதினேன்.

அந்தப் பாத்தியை வெட்டவும் உன் ஆட்களைத்தான் அனுப்பினார்கள். படத்தில் புள்ளி வைத்திருந்தால் பாத்தி, வெறுமனே விட்டிருந்தால் புல் என்பது உனக்குத் தெரியும். படத்தின் நீலத்தாள் நகலை விரித்ததுமே கண்டுகொண்டிருப்பாய். அன்று சாப்பிடும்போது தலை நிமிராமல் கேட்டாய்.

“துரைகிட்ட சொல்லிப் பாத்தியா?”

சொன்னேன், அவர் கேட்கவில்லை என்றேன்.

நீ சற்று நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய். பிறகு, “நீ சொல்லியும் கேக்கலன்னா என்ன பண்றது, விடு” என்று உன் பங்கு மீனில் பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்தாய். அந்த மீனை நான் தின்றேன்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. கிராணி நமக்காகத் துரையிடம் பேசிப் பார்த்தார் என்று கொங்சி முழுக்கச் சொல்லி வைத்தாய். அதிலிருந்து உன் ஆட்கள் என்னைக் கண்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். மரவள்ளிக் கிழங்கு அவித்தால் எனக்கு ஒரு பொட்டலம் வரும். உனக்கு அதில் அவ்வளவு பெருமை. உன்னிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் வாயெடுத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

இரண்டு வருடம் கழித்து உன்னையும் ஆட்களையும் உலு திராம் பக்கம் சாலை வேலைக்கு மாற்றினார்கள். வருகிற ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியனுப்பினேன், போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. மூன்றாவது வாரம், காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று ஆள் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பாய் ஒன்றும் தகரப் பெட்டி ஒன்றும் கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டு வந்தேன்.

கல்வாழை கடைசி வரைக்கும் உருப்படவில்லை. அந்த நிழலில் எது பூக்கும்? போன மாதம் புதிதாக வந்த துரை, அதில் வேறு என்ன வைக்கலாம் என்று என்னைக் கேட்டார். ஒன்றும் வேண்டாம் சார், புல் போதும், எங்கள் ஆட்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள் என்றேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சரி, புல் போடு என்று சொல்லிவிட்டு, வடிகால் சாய்வைப் பற்றி விசாரித்தார். அவ்வளவுதான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று ஞாயிறு. புல் இன்னும் பிடிக்கவில்லை. உலு திராமிலிருந்து திரும்பிய உன் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மண்வெட்டிப் பிடியில் துணி சுற்றி வைத்திருப்பானே, அவன்தான் என்னைப் பார்த்துக் கூப்பிட்டான்.

“வாங்க கிராணி, உக்காருங்க. அப்பவே எங்களுக்காகப் பேசினீங்க. காய்ச்சல்ல கெடக்கறப்பகூட மண்டோர் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு.”

சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். எல்லார் முகமும் என் முகத்துக்கு நேரே இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். உள்ளதைச் சொன்னால் என் பெயர் கெடுவதோடு போகாது, சாகும்போது நீ சொன்ன சொல்லும் பொய்யாகிவிடும். நீ எனக்கு வாங்கிக் கொடுத்த இந்தக் கும்பிடுகளை இனி நான் சாகிற வரைக்கும் வாங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். நான் சொல்லிப் பார்க்கவில்லை, மண்டோர். வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால், நீ உலு திராமுக்குப் போகும்வரை இருந்த அந்த இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் நீ அந்த மரத்தடியில் உட்கார்ந்திருப்பாய்.